பங்குச் சந்தை வரைபடங்களும் குடாநாட்டின் சேமிப்பும்

அண்மைக்காலமாகக் குடாநாட்டில் புதியதொரு காட்சியைக் காண முடிகின்றது. திருநெல்வேலிச் சந்தியிலும், பல்கலைக்கழகச் சூழலில் உள்ள தேநீர்க் கடைகளிலும், யாழ். நகரப் பேருந்து நிலையத்திலும் இளைஞர்கள் சிலர் கைத்தொலைபேசித் திரையில் ஏறி இறங்கும் பச்சை, சிவப்பு நிறக் குச்சிகளை உற்றுநோக்கிய வண்ணம் இருக்கின்றனர். ஏதோ விளையாட்டு என்று எண்ணிக் கடந்து செல்வோரும் உளர். அவர்கள் பார்ப்பது கொழும்பு பங்குச் சந்தையில் உள்ள ஒரு நிறுவனத்தின் பங்கு விலையாக இருக்கலாம். நியூயோர்க் சந்தையின் சுட்டெண்ணாகவோ, தங்கத்தின் உலக விலையாகவோ, யூரோவுக்கும் டொலருக்கும் இடையிலான மாற்று வீதமாகவோ இருக்கலாம். திரையில் எல்லாம் ஒன்று போலவே தோன்றுகின்றன. ஆனால், அத்திரைக்குப் பின்னால் இருப்பது எது என்பதிலேயே இவ்விடயத்தின் நன்மையும் தீமையும் பெரும்பாலும் தங்கியிருக்கின்றன என்பது எமது கருத்து.

வாசகர் பலருக்கு இது புதிய விடயம் ஆகையால் சிறிது விளக்குதல் அவசியம். ஒரு பொருளின் விலை நிமிடத்துக்கு நிமிடம், நாளுக்கு நாள் எவ்வாறு மாறிற்று என்பதைக் கோட்டுருவமாக வரைந்து காட்டும் இணையத்தளங்களே வரைபடத் தளங்கள் எனப்படுகின்றன. 2011இல் தொடங்கப்பட்ட ட்ரேடிங்வியூ அவற்றுள் மிகவும் பிரபலமானது. அதற்கு முன்னரே, 2005இல், மெட்டாட்ரேடர் என்னும் மென்பொருளின் நான்காம் பதிப்பு வெளிவந்து உலகெங்கும் பரவியது. முன்னையது பிரதானமாகப் பார்ப்பதற்கானது. பின்னையது பார்ப்பதற்கும், பார்த்த கையோடு ஒரு தரகரூடாக வாங்கி விற்பதற்கும் உரியது. நம்மவர்கள் இவ்விரண்டையும் ஒன்றெனவே கருதிப் பேசுகின்றனர். இந்த மயக்கத்தை முதலில் நீக்கிக் கொள்ள வேண்டும்.

நன்மையை முதலில் கூறிவிடுவோம். இலங்கையில் பங்கு வணிகம் 1896இல் தோட்டக் கம்பனிகளுக்கு மூலதனம் திரட்டும் பொருட்டு ஆரம்பமானது. இன்றைய பங்குச் சந்தை 1985இல் அமைக்கப்பட்டது. 1997இல் கணினி வழியான வணிகம் வந்தது. இந்த நூறாண்டுக் கதையில் குடாநாட்டவருக்கு இருந்த இடம் மிகச் சொற்பம். போர்க்காலத்தில் கொழும்புப் பத்திரிகைகள் கப்பலிலோ விமானத்திலோ வந்து சேர்வதற்கு நாள்கள் ஆயின. அவற்றின் வணிகப் பக்கத்தில் அச்சாகியிருந்த பங்கு விலைகள், எம் கைக்கு வரும்போது பழைய கதையாகிவிட்டிருந்தன. அச்சுத்தாள் தட்டுப்பாட்டால் பக்கங்களைக் குறைத்துக் கொண்டிருந்த நாம், எமது பத்திரிகையில் அவ்விலைகளை வெளியிடுவது பற்றி நினைத்தும் பார்த்ததில்லை. கேட்டவரும் இல்லை என்பது வேறு விடயம்.

அந்த நிலை இன்று இல்லை. போர் ஓய்ந்த பின்னர் கொழும்பு பங்குச் சந்தை யாழ்ப்பாணத்தில் தனது கிளையைத் திறந்தது. 2020இல் கைத்தொலைபேசிச் செயலி வழியாகவே மத்திய வைப்புக் கணக்கைத் திறக்கும் வசதி வந்தது. பங்குத் தரகு நிறுவனங்கள் வழங்கும் ஏட்ரேட், டிரெக்ட்எஃப்என் போன்ற தளங்களில் விலையும் வரைபடமும் உடனுக்குடன் கிடைக்கின்றன. கொழும்பு உலக வர்த்தக மையத்தின் மாடியில் இருக்கும் தரகர் காணும் அதே கோட்டினை, அதே கணத்தில், அச்சுவேலியில் இருக்கும் ஓர் ஆசிரியரும் காண்கிறார். தரகர் சொல்வதே விலை என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. ஆஸ்பத்திரி வீதியில் 2013இல் எழுந்த கார்கில்ஸ் சதுக்கத்தில் பொருள் வாங்கும் ஒருவர், அந்நிறுவனத்தின் பங்கு ஐந்து ஆண்டுகளில் எவ்வாறு சென்றது என்பதை அங்கேயே நின்று பார்த்துக் கொள்ளலாம். 2005இல் பங்குச் சந்தைக்கு வந்த டயலொக் நிறுவனத்தின் இணைப்பிலேயே டயலொக் பங்கின் வரைபடத்தைப் பார்க்கலாம். தகவலில் ஏற்பட்டுள்ள இந்தச் சமத்துவத்தைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது.

மேலும் ஒரு நன்மை உண்டு. அதுவே தீமைக்கும் வாசலாக இருக்கின்றது. வரைபடத்துக்கு மொழி தேவையில்லை. நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் முழு வடிவில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளியாகின்றன. இருநூறு, முந்நூறு பக்கங்கள் கொண்ட அவ்வறிக்கைகளைத் தமிழ்மொழி மூலம் கற்ற ஓர் இளைஞர் வாசித்து விளங்கிக் கொள்வது எளிதன்று. கோடு மேலே போனால் இலாபம், கீழே வந்தால் நட்டம் என்பதை எவரும் விளங்கிக் கொள்வர். எமது இளைஞர்கள் ஆண்டறிக்கையை விட்டு வரைபடத்தின் பக்கம் திரும்பியதற்குச் சோம்பலைக் காரணம் காட்டுவோருடன் நாம் உடன்படவில்லை. படிக்கக் கூடியது அது ஒன்றே என்பதால் அதனைப் படிக்கின்றனர்.

ஆயினும் விலையின் தடம் பொருளின் பெறுமதி ஆகாது. இன்று உலகெங்கும் வழங்கும் மெழுகுதிரி வடிவ வரைபடத்தின் வேர் யப்பானில் உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒசாகா நகரின் டோஜிமா அரிசிச் சந்தையில் நடந்த வணிகத்தோடும், ஹொம்மா என்ற அரிசி வணிகரின் பெயரோடும் அம்முறை மரபாக இணைத்துப் பேசப்படுகின்றது. ஒரு நாளின் தொடக்க விலை, முடிவு விலை, உச்ச விலை, அடிமட்ட விலை ஆகிய நான்கினையும் ஒரே குச்சியில் காட்டும் அம்முறை எளிமையானது, அழகானது. ஆனால் அந்த அரிசி வணிகர்கள் விலைக்கோட்டை மட்டுமா பார்த்திருப்பர்? மழை பெய்ததா, விளைச்சல் எப்படி, களஞ்சியத்தில் எவ்வளவு இருக்கின்றது என்பன அவர்களுக்குத் தெரிந்திருந்தன.

தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சுன்னாகம் சந்தையில் சின்ன வெங்காயம் வாங்கும் வியாபாரியைப் பாருங்கள். நேற்றைய விலையும் சென்ற வாரத்து விலையும் அவருக்கு மனப்பாடம். அது அவருடைய வரைபடம். ஆயினும் அவர் அதை வைத்துக்கொண்டு மாத்திரம் பணத்தை எடுத்து நீட்டுவதில்லை. உரும்பிராயிலும் புன்னாலைக்கட்டுவனிலும் எத்தனை பேர் நடுகை செய்திருக்கிறார்கள், மழையில் அழுகியது எவ்வளவு, இந்திய வெங்காயம் இறங்கப் போகின்றதா, தம்புள்ளையில் என்ன நிலை என்றெல்லாம் விசாரித்த பின்னரே விலை பேசுகிறார். பங்கு என்று வந்தவுடன், தோட்டத்தை எட்டிப் பார்க்காமல் நேற்றைய விலையை மட்டும் பார்த்து வெங்காயம் வாங்கும் மனிதராக நாம் மாறிவிடுகின்றோம்.

கொழும்புச் சந்தையின் அண்மைக்கால வரலாறு இதற்குப் போதிய சான்று. போர் முடிவடைந்த 2009ஆம் ஆண்டில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 125 சதவீதம் உயர்ந்தது. 2010இல் மேலும் 96 சதவீதம் உயர்ந்தது. 2011 பெப்ரவரியில் 7,800 புள்ளிகளைத் தொட்டது. அந்த நாள்களில் வரைபடத்தைப் பார்த்த எவருக்கும் அது வானத்துக்கு இட்ட ஏணி போலவே தோன்றியிருக்கும். அதன் பின்னர் நிகழ்ந்த சரிவில் 2012இன் நடுப்பகுதியில் சுட்டெண் 5,000 புள்ளிகளுக்கும் கீழே சென்றது. சில பங்குகளின் விலை செயற்கையாக ஏற்றப்பட்டதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தலைவர் பதவியிலிருந்து இந்திராணி சுகததாச 2011இலும், அவருக்குப் பின் வந்த திலக் கருணாரத்ன 2012இலும் விலகியமை வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். விலையை ஏற்றியவர்களுக்குத் தாம் செய்வது என்னவென்று தெரிந்திருந்தது. ஏறுவதை வரைபடத்தில் கண்டு பின்னால் ஓடியவர்களுக்கு அது தெரியவில்லை.

பத்தாண்டுகள் கழித்து அதே கதை வேறு காரணங்களோடு திரும்பவும் நடந்தது. 2021இல் சுட்டெண் ஏறத்தாழ 80 சதவீதம் உயர்ந்து, 2022 ஜனவரியில் 13,000 புள்ளிகளைக் கடந்தது. செயலி வழியாகக் கணக்குத் திறந்த புதியவர்கள் பலர் சந்தைக்குள் நுழைந்த காலம் அது. மூன்றே மாதங்களில் ரூபாவின் பெறுமதி சரிந்தது. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் அறிவித்தது. புத்தாண்டு விடுமுறைக்குப் பின்னர் சந்தையைத் திறக்காது ஐந்து நாள்கள் மூடிவைக்க வேண்டியதாயிற்று. எந்த நகரும் சராசரியும், எந்தக் குறிகாட்டியும் இதனை முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றிக் கொண்டிருந்ததை மத்திய வங்கியின் மாதாந்தப் புள்ளிவிபரங்கள் சொல்லிக் கொண்டிருந்தன. அவை எவரும் வரைந்து பார்க்க விரும்பாத கோடுகள். நியாயமாகப் பேசுவதானால் மறுபக்கத்தையும் கூற வேண்டும்: அந்த வீழ்ச்சியின்போது பதறாமல் பங்குகளை வைத்திருந்தவர்கள் 2025இல் சுட்டெண் 20,000 புள்ளிகளைத் தாண்டியதைக் கண்டனர்.

கொழும்புச் சந்தைக்கே உரிய வேறு சில இடர்களும் உள. அமெரிக்கச் சந்தைக்காக எழுதப்பட்ட விதிகளை இங்கு அப்படியே பொருத்த முடியாது. எமது சந்தையில் பல பங்குகள் நாளொன்றுக்கு ஓரிரு கொடுக்கல் வாங்கல்களுக்கு மேல் காண்பதில்லை. அத்தகைய பங்கில் எவரோ ஒருவர் அவசரத் தேவைக்காகச் சிறு தொகையை விற்றாலே வரைபடத்தில் பெரும் சிவப்புக் குச்சி தோன்றிவிடும். அதைப் பார்த்து நிறுவனம் மூழ்குகின்றது என்று கருதுவது, ஊரில் ஒருவர் வறுமையால் காணியை அரை விலைக்கு விற்றதைக் கண்டு ஊரின் காணி விலையே பாதியாகிவிட்டது என்று சொல்வதற்கு ஒப்பானது.

2024ஆம் ஆண்டின் இறுதியில் ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனம் தனது பங்கு ஒன்றைப் பத்தாகப் பிரித்தது. நூறு ரூபாவுக்கு மேல் இருந்த விலை இருபதையொட்டி வந்தது. பங்காளரின் கையில் இருந்த பங்குகள் பத்து மடங்காகின. பிரிப்பினால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை. ஆனால், பிரிப்புக்கு ஏற்பச் சரிசெய்யப்படாத வரைபடத்தைப் பார்க்கும் ஒருவருக்கு நாட்டின் பெரும் நிறுவனங்களில் ஒன்று ஒரே நாளில் பாதாளத்தில் வீழ்ந்தது போலத் தோன்றும். வரைபடத்துக்குப் பின்னால் நிகழ்ந்ததை அறிய நிறுவனத்தின் அறிவித்தலை வாசித்தே ஆகவேண்டும்.

இனிச் செலவைப் பார்ப்போம். கொழும்புச் சந்தையில் சிறு முதலீட்டாளர் ஒருவர் பங்கு வாங்கும்போது தரகுக் கூலி, சந்தைக்கும் ஆணைக்குழுவுக்கும் உரிய கட்டணங்கள், அரசாங்கத்தின் பங்குப் பரிவர்த்தனை அறவீடு ஆகியவற்றுக்காக மொத்தம் 1.12 சதவீதம் செலுத்துகின்றார். விற்கும்போதும் அவ்வளவே. ஆகவே 100 ரூபாவுக்கு வாங்கிய பங்கைச் சில நாள்களில் விற்பவர், ஏறத்தாழ 102 ரூபா 27 சதத்துக்கு விற்றாற்றான் போட்ட பணத்தையாவது காண்பார். வருடத்துக்கு ஒரு தடவை வாங்கி விற்பவருக்கு இது பெரிதன்று. கோடு அசையும்போதெல்லாம் பொத்தானை அழுத்துபவருக்கோ, வாரம் ஒருமுறை இவ்வாறு செய்தால், இலாப நட்டத்துக்கு அப்பால் ஆண்டு முடிவில் அவரது மூலதனத்தின் பெரும்பகுதி கட்டணமாகவே கரைந்து போயிருக்கும். வரைபடத் தளங்கள் எவையும் இந்த 1.12 சதவீதத்தைக் கோட்டில் காட்டுவதில்லை.

இக்கணக்கை இளைஞர்களுக்குச் சொல்வார் யார்? தமிழில் வரைபடம் பற்றிக் கற்பிக்கும் காணொளிகளுக்குக் குறைவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து, இந்தியச் சந்தையை மனத்திற் கொண்டு தயாரிக்கப்படுபவை. அங்குள்ள தரகுக் கட்டணம் வேறு, வரி வேறு, சட்டம் வேறு. எதிர்காலக் கொள்வனவு, விருப்புரிமை ஒப்பந்தம் என்று அவர்கள் விரித்துரைக்கும் வணிகம் கொழும்புச் சந்தையில் வழக்கில் இல்லை. அந்த வணிகத்தின் பலன் என்னவாயிற்று என்பதையும் அறிந்து கொள்வது நன்று. இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டெம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021–22 முதல் 2023–24 வரையான மூன்று நிதியாண்டுகளில் அவ்வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களுள் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தனர். அவர்கள் இழந்த தொகை 1.8 இலட்சம் கோடி இந்திய ரூபாவுக்கும் அதிகம். அவர்களிடமும் இதே வரைபடங்கள் இருந்தன.

இதுவரை கூறியவை உரிமம் பெற்ற சந்தையைப் பற்றியவை. அங்கு ஒருவர் நட்டமடையலாம், ஏமாற்றப்படவும் கூடும். எனினும் அவர் வாங்கிய பங்கு மத்திய வைப்புத் திட்டத்தில் அவருடைய பெயரிலேயே இருக்கின்றது. தரகருக்கு உரிமம் உண்டு. முறையிடுவதற்கு ஆணைக்குழு உண்டு. 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் உண்டு. தேநீர்க் கடையில் நாம் கண்ட திரைகளுள் பல, எமது விசாரிப்பின்படி, கொழும்புச் சந்தையைக் காட்டுபவை அல்ல. எங்கோ ஒரு தீவில் பதிவு செய்யப்பட்ட அந்நியச் செலாவணித் தரகரின் கணக்கைக் காட்டுபவை.

அதன் செயன்முறை இது. நூறு டொலரை வைப்பிலிட்டால், பத்தாயிரம் டொலர் பெறுமதிக்கு வணிகம் செய்ய இடமளிக்கின்றனர். விலை ஒரு சதவீதம் சாதகமாக நகர்ந்தால் நூறு டொலர் இலாபம். ஒரு சதவீதம் பாதகமாக நகர்ந்தால் வைப்பிலிட்ட நூறு டொலரும் போய்விடும். தங்கத்தின் விலையில் ஒரு சதவீத அசைவு என்பது ஒரு பிற்பகலின் சங்கதி. இதனாற்றான் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிணையச் சந்தைகள் அதிகாரசபை 2018இல் இத்தகைய கடனளவைப் பிரதான நாணயங்களுக்கு முப்பது மடங்காக மட்டுப்படுத்தியது. இவ்வகை ஒப்பந்தங்களில் ஈடுபடும் சில்லறை வாடிக்கையாளர் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரையானவை நட்டமடைகின்றன என்பதையும் அது வெளிப்படுத்தியது. அங்குள்ள தரகர்கள் தமது நட்ட வீதத்தை விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும். இங்கு முகநூலில் வரும் விளம்பரத்தில் சொகுசுக் காரின் படம் மட்டுமே இருக்கின்றது.

அந்த விளம்பரத்தை இடுபவர் பெரும்பாலும் தரகர் அல்லர், 'ஆசிரியர்'. வகுப்புக்குக் கட்டணம், 'சிக்னல்' குழுவுக்கு மாதச் சந்தா, அதற்கு மேலாக, அவர் அறிமுகப்படுத்தும் மாணவர் வென்றாலும் தோற்றாலும் வணிகத்தின் அளவுக்கேற்பத் தரகரிடமிருந்து அவருக்குக் கிடைக்கும் பங்கு. மாணவர் அடிக்கடி வாங்கி விற்பதே அவருக்கு வருமானம். இத்தகையோர் கையில் வரைபடத் தளம் கரும்பலகையாகப் பயன்படுகின்றது. கடந்துபோன கோட்டின் மீது அம்புக்குறி இட்டு, 'இங்கே வாங்கியிருந்தால், இங்கே விற்றிருந்தால்' என்று காட்டுவது எவருக்கும் இயலும். நேற்றைய பரீட்சை வினாத்தாளுக்கு இன்று விடை சொல்லும் ஆற்றல் அது.

சட்டத்தின் நிலையும் தெளிவானது. இலங்கையில் அந்நியச் செலாவணியை வாங்கி விற்கும் அதிகாரம் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெற்ற வங்கிகளுக்கும் நாணய மாற்றுநர்களுக்குமே உண்டு. மெய்நிகர் நாணயங்களை வாங்குவதற்கு வங்கி அட்டைகளைப் பயன்படுத்த முடியாது என்பதையும் மத்திய வங்கி மீண்டும் மீண்டும் அறிவித்திருக்கின்றது. அட்டை வழி அடைபட்டதும் வேறு வழி பிறந்தது. முன்பின் அறியாத ஒருவரின் உள்ளூர் வங்கிக் கணக்குக்கு ரூபாவை அனுப்பி, அதற்கு ஈடாக மெய்நிகர் நாணயம் பெற்று, அதனை வெளிநாட்டுத் தரகருக்கு அனுப்புகின்றனர். எங்கும் பற்றுச்சீட்டு இல்லை. உண்டியல் முறையில்கூட அனுப்புபவரை எமது ஊரில் எவருக்காவது தெரிந்திருக்கும். மோசடிகளைக் கண்டு 2022 செப்டெம்பரில் அப்பிள் நிறுவனம் மெட்டாட்ரேடர் செயலியைத் தனது தளத்திலிருந்து நீக்கி, அடுத்த ஆண்டு மார்ச்சில் மீண்டும் சேர்த்தது. மென்பொருள் தன்னளவிற் குற்றமற்றதாயினும், அதனைப் போர்வையாக்கிப் போலித் தரகர்கள் எண்களையும் கோடுகளையும் தாமே வரைந்து காட்டுவதற்கு இடம் இருக்கின்றது. அப்படியான கணக்கில் திரையில் தெரியும் இலாபத்தை மீளப்பெற முயலும்போதுதான் உண்மை வெளிப்படுகின்றது.

கொக்குவிலைச் சேர்ந்த தந்தையார் ஒருவர் அண்மையில் எமது அலுவலகத்துக்கு வந்திருந்தார். உயர்தரத்தில் வணிகம் கற்ற அவருடைய மகன், தாயாரின் தாலிக்கொடி தவிர்ந்த நகைகளை வீட்டாருக்குத் தெரியாமல் அடகு வைத்து இத்தகைய கணக்கொன்றில் இட்டிருக்கின்றான். முதல் மூன்று வாரங்கள் இலாபம் வந்தது. வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டியும் வந்தது. நான்காம் வாரத்தில் ஒரே இரவில் எல்லாம் போய்விட்டன. மகன் அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று கூறிய அவர், பத்திரிகையில் எதையாவது எழுதும்படி கேட்டார். பெயரையோ நிறுவனத்தையோ எழுத வேண்டாம் என்றும் கேட்டுக் கொண்டார்.

நகை என்பது இந்த மண்ணில் அணிகலன் மட்டுமன்று. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, வீட்டையும் காணியையும் சுமந்து செல்ல முடியவில்லை. கழுத்தில் கிடந்ததே அடுத்த சில மாதங்களுக்குச் சோறு போட்டது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னர், 1990 ஒக்டோபரில், யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அதனைக்கூட எடுத்துச் செல்ல அவர்களை விடவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சோனகத் தெருவிலும் நகரின் கடைவீதிகளிலும் வணிகம் செய்தவர்கள் வெறுங்கையோடு புத்தளத்தில் போய் இறங்கினர். இரு சமூகத்தவரும் சேமிப்பு என்றால் பவுணையே நினைப்பதற்கு இந்த அனுபவங்களும் காரணம். 2025இல் ஒரு பவுணின் விலை மூன்று இலட்சம் ரூபாவைத் தாண்டியது. அடகுக் கடையில் கிடைக்கும் பணமும் அதற்கேற்பப் பெருகியிருக்கின்றது. கன்னாதிட்டியில் வாங்கியது ஒரு பொத்தானை அழுத்தும் நேரத்தில் கடல் கடந்து செல்லக்கூடிய காலத்தில், வெளிநாட்டிலிருந்து அண்ணன்மார் அனுப்பும் பணமும் அதே வழியிற் போகின்றது.

முஸ்லிம் வாசகர்கள் சிலர் எம்மிடம் வேறொரு வினாவை எழுப்பியுள்ளனர். வெளிநாட்டுத் தரகர்கள் 'இஸ்லாமியக் கணக்கு' என்ற பெயரில் வட்டியற்ற கணக்குகளை விளம்பரம் செய்கின்றனர். இரவு கடந்து வைத்திருக்கும் வணிகத்துக்கு அறவிடும் வட்டியை நீக்கிவிட்டோம், ஆகவே ஹலால் என்பது அவர்களின் வாதம். மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தகுதி எமக்கில்லை. ஆயினும் பகிரங்கமாக உள்ளதை எடுத்துக் கூறலாம். சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1992இல் ஜித்தாவில் கூடி நிதிச் சந்தைகள் பற்றி எடுத்த தீர்மானத்தில், தரகரிடம் வட்டிக்குக் கடன் பெற்றுப் பங்கு வாங்குவதை அனுமதிக்கவில்லை. சுட்டெண்ணை வாங்கி விற்பதைச் சூது என்றே கூறிற்று. ரிபாவை மட்டும் நீக்கிவிட்டால் மைஸிர் நீங்கிவிடுமா என்பதை உலமாக்களிடம் கேட்டறிவதே முறை. தரகரின் விளம்பரத்திடம் அன்று.

உள்ளூர்ச் சந்தையிலும் வரைபடம் இவ்விடயத்தில் உதவாது. மதுபான உற்பத்தி நிறுவனத்தின் கோடும், வைத்தியசாலை நிறுவனத்தின் கோடும் திரையில் ஒரே நிறத்திலேயே ஏறி இறங்குகின்றன. எந்த நிறுவனம் வட்டிக் கடனில் எவ்வளவு தங்கியிருக்கின்றது, அதன் வருமானம் எதிலிருந்து வருகின்றது என்பதை ஐந்தொகையில்தான் காண முடியும். மலேசியாவில் அரச ஆணைக்குழுவே ஷரீஆவுக்கு இணங்கும் பங்குகளின் பட்டியலை ஆண்டுக்கு இருமுறை வெளியிடுகின்றது. 2014இலேயே அமானா வங்கி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டுவிட்ட இந்நாட்டில், அத்தகைய பட்டியலை ஆணைக்குழு மும்மொழியிலும் வெளியிடக் கோருவது நியாயமானதே.

தமிழ் பேசும் முதலீட்டாளர் அனைவருக்கும் பொதுவான கோரிக்கை இன்னொன்று உண்டு. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தமது ஆண்டறிக்கையின் சாரத்தையாவது, பத்துப் பக்கத்துக்கு மேற்படாமல், தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுவதைப் பங்குச் சந்தை கட்டாயமாக்க வேண்டும். யாழ். பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவக் கற்கைகள் வணிக பீடத்து மாணவர்கள் இப்பணிக்கு உதவ முடியும். கிளிநொச்சியில் உள்ள மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம், தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலைப் பாடசாலைகளின் உயர்தர வகுப்புகளுக்கு நேரிற் கொண்டு செல்லலாம். வரைபடத் தளங்களைத் தடை செய்ய வேண்டும் என்று சிலர் கூறுவதை நாம் ஏற்கவில்லை. தடை செய்தால் உரிமம் பெற்ற தரகரின் வரைபடம் மறையும். உரிமம் இல்லாதவருடையது வேறொரு பெயரில் மறுநாளே வந்துவிடும்.

கொக்குவில் தந்தையார் விடைபெறும்போது, மகனின் தொலைபேசியைப் பறித்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். மகனிடம் மூன்று விடயங்களை மட்டும் கேட்டறிந்து எமக்குச் சொல்லுமாறு வேண்டினோம்: தரகரின் பெயர் என்ன, அவருக்கு எந்த நாட்டின் எந்த அதிகாரசபை உரிமம் வழங்கியது, ரூபா போய்ச் சேர்ந்த உள்ளூர் வங்கிக் கணக்கு யாருடையது? கடந்த வாரம் அவர் மீண்டும் வந்திருந்தார். முதலாவது கேள்விக்கு விடை கிடைத்திருந்தது. உரிமம் என்று மகன் காட்டியது தரகரின் சொந்த இணையத்தளத்தில் இருந்த ஒரு படம். மூன்றாவது கேள்விக்குரிய கணக்கு இலக்கம் கிழமைக்கு ஒன்றாக மாறியிருந்ததாம். ஐந்து பற்றுச்சீட்டுகளின் பிரதிகளுடன் அவர் எமது அலுவலகத்திலிருந்து பொலிஸ் நிலையத்துக்குச் சென்றார். மகனும் கூடச் சென்றான்.